மோகன் ஏன் பூர்ணிமாவிடம் சொல்லவில்லை?

இந்தப் பக்கம் வந்து சரியா எட்டு மாசம் ஆச்சு. "தொடரும்" போட்ட கதை அப்படியே அம்மா மண்டபத்துப் படிக்கட்டுல ஹீரோவை உட்கார வெச்சுட்டு நிக்குது. பாவம், காவிரியில தண்ணி வந்து, வத்தி, திரும்பவும் வந்துடுச்சு. அவன் இன்னும் எழுந்திருக்கலை. "எங்கய்யா போனே, கல்யாணமா?"ன்னு கேட்டு மெயில் அனுப்பின நாலு நல்ல உள்ளங்களுக்கு நன்றி. கல்யாணம் இல்லை.

விஷயத்தை உடைச்சுச் சொல்லிடறேன். ஆபீஸ்ல வருஷாவருஷம் நடக்கிற ரத்தப் பரிசோதனை. எப்பவும் சர்க்கரை, கொழுப்புன்னு பார்த்துட்டு தூக்கிப் போடற காகிதம். இந்தத் தடவை வெள்ளை அணுக்கள் இருக்குற இடத்துல 1,62,000ன்னு இருந்தது. பதினோராயிரத்துக்கு மேல போகக் கூடாது. லேப்ல யாரோ ஒரு சைபர் கூடத் தட்டிட்டாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். பொட்டி தட்டறவன் புத்தி எப்பவுமே "டேட்டா தப்பு"ன்னுதான் ஆரம்பிக்கும் :-). திரும்ப எடுத்தாங்க. 1,70,000. அப்புறம் எலும்பு மஜ்ஜை, மரபணுச் சோதனை எல்லாம் ஆகி, பெயர் வந்தது: க்ரானிக் மைலாய்டு லுகேமியா. சுருக்கமா சி.எம்.எல். தமிழ் சினிமா பாஷையில, ப்ளட் கேன்சர்.

ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அம்மா அரை மணி நேரம் அழுதா. அப்புறம் கண்ணைத் துடைச்சுண்டு சொன்ன முதல் வாக்கியம் இது: "யார்கிட்டயும் சொல்லாதேடா. இப்பதான் உன் தங்கை ஜாதகத்தை வெளில எடுத்திருக்கோம். ரத்தத்துல வந்த வியாதின்னா பரம்பரைன்னு நினைச்சுப்பா."

பரம்பரை கிடையாதும்மா, அப்பா அம்மாகிட்டேருந்து வர்றதில்லை, பிள்ளைகளுக்குப் போறதும் இல்லைன்னு விளக்கிப் பார்த்தேன். "உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மேல அடையவளஞ்சான் வீதிக்குத் தெரியுமா?"ன்னா. பதில் சொல்ல முடியலை. அதனால எட்டு மாசம் சொல்லலை. யார்கிட்டயும். எழுதவும் இல்லை. ஒண்ணை மறைச்சு வெச்சுண்டு வேற எதையும் எழுத முடியாதுங்கறதை அப்பதான் கண்டுபிடிச்சேன். எழுத உட்கார்ந்தா எல்லா வரியும் அந்த 1,62,000-ஐ நோக்கியே போகும். அழிச்சுடுவேன்.

எழுதாதப்ப என்ன பண்ணினேன்? படிச்சேன், பழைய படம் பார்த்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவியில "பயணங்கள் முடிவதில்லை". அம்மா சேனலை மாத்தறதுக்குள்ள ரிமோட்டை எடுத்து வெச்சுண்டேன்.

1982 பிப்ரவரியில வந்த படம். ஆர்.சுந்தர்ராஜன் இயக்கின முதல் படம், இளையராஜா இசை, "இளைய நிலா". மோகன் ஒரு பாடகர். அடிமட்டத்திலேருந்து மேல வந்து பெரிய ஆளாகறார். ரத்தப் புற்றுநோய்னு தெரியறது. பூர்ணிமாகிட்ட சொல்லாம, அவ தன்னை வெறுத்து விலகிப் போற மாதிரி நடிக்கறார். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, அதே 1982 ஜனவரியில, "வாழ்வே மாயம்". கமல். அதே வியாதி, அதே மறைப்பு, ஸ்ரீதேவி வெறுக்கணும்னு அதே நாடகம். அது தெலுங்குல 1981-ல வந்த "ப்ரேமாபிஷேகம்" படத்தோட மறுபதிப்பு. ரெண்டே மாசத்துல ரெண்டு தமிழ் ஹீரோக்கள் ரத்தப் புற்று வந்து, யார்கிட்டயும் சொல்லாம, பாட்டுப் பாடி செத்துப் போனாங்க. ரெண்டுமே பெரிய வெற்றி. எங்கம்மா தலைமுறைக்கு இந்த வியாதியைப் பத்தின மொத்தப் பாடத்திட்டமும் இந்த ரெண்டு படம்தான். அம்மாவைக் கோவிச்சு என்ன பிரயோஜனம்?

ஏன் எப்பவும் ரத்தப் புற்று? ஏன் ஹீரோவுக்குக் குடல்ல, மலக்குடல்ல வரமாட்டேங்குது? (சிரிக்காதீங்க, சீரியஸான கேள்வி.) இதுக்கு சூசன் சோன்டாக் 1978-லேயே பதில் சொல்லி வெச்சிருக்காங்க. "இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்"னு ஒரு சின்னப் புஸ்தகம். பத்தொன்பதாம் நூற்றாண்டுல காசநோய்க்கு இருந்த கவிதைத்தனமான மதிப்பை இருபதாம் நூற்றாண்டுல லுகேமியா எடுத்துண்டதுன்னு அவங்க கவனிச்சாங்க. கட்டி தெரியாது, வெட்டிச் சிதைக்க ஒரு உறுப்பு கிடையாது, ஆள் வெளுத்து அழகா மெலிஞ்சு சாகலாம். காமிராவுக்கு ஏத்த வியாதி. 1970-ல வந்த "லவ் ஸ்டோரி" அதை ஹாலிவுட்ல உறுதி பண்ணிடுச்சு. நம்ம ஊருக்கு வர பன்னிரண்டு வருஷம் ஆச்சு, அவ்வளவுதான்.

காசநோய்க்குக் கவிதை கிடையாதுங்கறது தமிழ் வாசகனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதுமைப்பித்தன் "ராஜமுக்தி" படத்துக்கு எழுத பூனா போய், காசநோயோட திரும்பி, 1948 ஜூன் 30-ம் தேதி திருவனந்தபுரத்துல போய்ச் சேர்ந்தார். வயசு 42. காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடிச்சு அப்ப கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் ஆகிடுச்சு. உலகத்துல மருந்து இருந்தும் ஆள் செத்துப் போறதுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நமக்கு வேண்டாம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழே தேவைப்படும்.

அதே 1948 ஜூன் மாசம் பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்னு ஒரு டாக்டர் ஒரு கட்டுரை வெளியிட்டார். லுகேமியா வந்த பதினாறு குழந்தைகளுக்கு அமினாப்டெரின்னு ஒரு மருந்து கொடுத்து, பத்து பேர்கிட்ட முன்னேற்றம் பார்த்தார். தற்காலிகம்தான். சில மாசத்துல திரும்ப வந்துடுச்சு. ஆனா மருந்து கொடுத்தா குழந்தைகளோட அக்யூட் லுகேமியா பின்வாங்கும்னு மனுஷன் தெளிவாப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த மருந்து எங்கேருந்து வந்தது? லெடர்லி ஆய்வுக்கூடத்துல எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையில இருந்த குழுகிட்டேருந்து. பீமவரத்துல 1895-ல பிறந்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில படிச்சவர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தி சொன்னார்னு கதர்ல கோட்டு தைச்சுப் போட்டுண்டு போனதுல பேராசிரியருக்குக் கோவம் வந்து, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காம அதுக்கும் கீழே எல்.எம்.எஸ்.ஸோட வெளில வந்தார். அதே குழுவோட இன்னொரு மருந்து மெத்தோட்ரெக்சேட். இன்னிக்கும் உலகம் பூரா குழந்தைகளுக்குக் கொடுக்கறாங்க. ஃபார்பர் கட்டுரை வந்து ரெண்டு மாசத்துல, 1948 ஆகஸ்ட்ல, சுப்பாராவ் தூக்கத்திலேயே போயிட்டார். சென்ட்ரல் ஸ்டேஷன் வாசல்ல நின்னு எதிர்ல தெரியற அந்தக் கல்லூரியை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். ஒரு தடவைகூட இவர் நினைவுக்கு வந்ததில்லை. இப்ப வருது.

சுப்பாராவுக்கு முன்னாடி இந்த வியாதி வந்த படைப்பாளிகள் என்ன பண்ணினாங்க? ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே 1926 டிசம்பர்ல லுகேமியாவுல செத்தார். மருந்துன்னு ஒண்ணும் கிடையாது. அதுக்கு மேல அங்க சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் திரும்பத் திரும்பப் போய் நிக்கறது பேலா பார்டோக்கிட்ட.

பார்டோக் ஹங்கேரிக்காரர். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிண்டு கிராமம் கிராமமாப் போய் நாட்டுப்பாட்டு சேகரிச்சவர். நாஜிகளை வெறுத்து 1940-ல நியூயார்க் போனார். அங்க அவரைச் சீந்துவாரில்லை. கச்சேரி இல்லை, காசு இல்லை. புதுசா எதையும் எழுதவும் இல்லை. 1943-ல காய்ச்சல் வந்து படுத்தார். எடை நாப்பது கிலோவுக்கு வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில கிடக்கும்போது பாஸ்டன் சிம்பொனியோட இயக்குநர் கூஸ்ஸெவிட்ஸ்கி நேர்ல வந்து, "ஆயிரம் டாலர், ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒண்ணு எழுதிக் கொடுங்க"ன்னார். இதுல ஒரு சின்ன சதி இருக்கு. ஃப்ரிட்ஸ் ரைனர், ஜோசப் சிகெட்டின்னு ரெண்டு ஹங்கேரிய இசைக்கலைஞர்கள் கூஸ்ஸெவிட்ஸ்கிகிட்ட போய்க் கேட்டுண்டதால நடந்தது அது. பார்டோக்குக்குத் தெரிஞ்சா தர்மம்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவார், அதனால சொல்லலை.

ஆகஸ்ட் 15-ல ஆரம்பிச்சு அக்டோபர் 8-ல முடிச்சுட்டார். ஐம்பத்தஞ்சு நாள்ல "கன்சர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா". 1944 டிசம்பர் 1-ம் தேதி பாஸ்டன்ல அரங்கேற்றம். இன்னிக்கு அவர் எழுதினதிலேயே அதிகமா வாசிக்கப்படறது அதுதான். எனக்கு மேற்கத்திய இசை ஒரு மண்ணும் தெரியாது. ஆனா ஹெட்ஃபோன்ல நாலாவது பகுதியைக் கேட்டப்ப சிரிப்பு வந்துடுச்சு. இன்னொருத்தர் சிம்பொனியை நக்கலடிக்கற மாதிரி ஒரு இடம் வரும், பித்தளை வாத்தியங்கள் எல்லாம் கேலியாச் சிரிக்கும். நாப்பது கிலோவுல இருந்த மனுஷன் எழுதின நக்கல்!

1944 ஏப்ரல் வாக்குல டாக்டர்களுக்கு லுகேமியான்னு உறுதியாச்சு. அவர்கிட்ட சொல்லலை. கடைசி வரைக்கும் சொல்லலை. அவர் முட்டாள் இல்லை, உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கணும்னுதான் எனக்குத் தோணுது. ஏன்னா 1945 கோடையில அவர் பண்ணினது அவ்வளவு கணக்கா இருக்கு. மனைவி டிட்டா பியானோக் கலைஞர். அக்டோபர் கடைசியில அவங்க பிறந்தநாள். அதுக்குப் பரிசா, தனக்கப்புறம் அவங்க மேடையில வாசிச்சுப் பிழைச்சுக்கட்டும்னு, மூணாவது பியானோ கன்சர்ட்டோவை எழுத ஆரம்பிச்சார். செப்டம்பர் 26-ல செத்துப் போனப்ப கடைசி 17 தாளக்கட்டுகள் மட்டும் பாக்கி. நண்பர் டிபோர் செர்லி அவர் வெச்சிருந்த குறிப்பைப் பார்த்து முடிச்சார்.

பதினேழு! எங்க ராஜகோபுரம் பல நூற்றாண்டுகளா முடியாம நின்ன கோபுரம். எங்க தாத்தா வாழ்நாள் பூரா அதை மொட்டைக் கோபுரம்னுதான் சொன்னார். 1987-ல தான் 236 அடிக்கு எழும்பிச்சு. அதனால முடியாத வேலையைப் பார்த்து ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு ரொம்பப் பதட்டம் வராது. ஆனா பார்டோக்கோட அந்தப் பதினேழு என்னை என்னவோ பண்ணுது. டாக்டர் உண்மையைச் சொல்லியிருந்தா ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சிருப்பாரோ? இல்லை, சொல்லியிருந்தா எதையுமே எழுதாம என்னை மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாரோ? எட்டு மாசமா இந்தக் கேள்விக்கு விடை தெரியலை.

மறைக்கறது எங்க ஊருக்குப் புதுசில்லை. 1323-ல டில்லி படை வந்தப்ப மூலவர் தெரியாம இருக்க சந்நிதிக்கு முன்னாடி சுவர் எழுப்பினாங்க. உற்சவரைத் தூக்கிண்டு பிள்ளை லோகாசாரியார் கிளம்பினார். நம்பெருமாள் திரும்பி வந்தது 1371-ல. நாப்பத்தெட்டு வருஷம். அது வேற மாதிரி மறைப்பு, காப்பாத்தறதுக்கான மறைப்பு. அம்மாவும் அதைத்தான் சொல்றா, தங்கையைக் காப்பாத்தறதுக்குன்னு. புரியாம இல்லை.

மறைக்கறதோட இன்னொரு கோரமான பக்கத்தையும் சொல்லணும், அதுவும் சோன்டாக் வாழ்க்கையிலேயே. மேலே சொன்ன புஸ்தகம் எழுதினப்ப அவங்களுக்கு மார்பகப் புற்று வந்து போயிருந்தது. வியாதிக்கு உருவகம் வேண்டாம், வியாதின்னா வியாதி, உண்மையைப் பேசுங்கன்னு உலகத்துக்கே சொன்னவங்க. 2004 மார்ச்ல ரத்தத்துல கோளாறுன்னு தெரிஞ்சது, அது லுகேமியாவா மாறிச்சு. சியாட்டில் போய் மஜ்ஜை மாற்று சிகிச்சை பண்ணிண்டாங்க. பலிக்கலை. டிசம்பர் 28-ல போயிட்டாங்க. மகன் டேவிட் ரீஃப் 2008-ல ஒரு புஸ்தகம் எழுதினார். அம்மாவுக்கு நம்பிக்கைதான் வேணும், உண்மை வேண்டாம். அதனால கடைசி வரைக்கும் தானும் அந்தப் பொய்யில கூட நின்னதையும், விடைகூடச் சொல்லிக்க முடியாமப் போனதையும் அதுல எழுதியிருக்கார். உண்மையைப் பத்தி ஒரு நூற்றாண்டுக்கே பாடம் எடுத்தவங்க! இதைப் படிச்சு முடிச்சுட்டு மொட்டை மாடியில ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதே 2004, மும்பை. அனுராக் பாசு "தும்சா நஹி தேக்கா" படம் எடுத்துண்டிருக்கார். வாய்ல புண், ரத்தக் கசிவு. அக்யூட் ப்ரோமைலோசைடிக் லுகேமியா. லுகேமியாக்கள்லயே வேகமாக் கொல்லற ஜாதி, உள்ள ரத்தம் கசிஞ்சு சில நாள்ல ஆள் காலி. மனைவி முதல் குழந்தையைச் சுமந்துண்டிருந்தாங்க. படத்தை மகேஷ் பட்டும் மோஹித் சூரியும் முடிச்சுக் கொடுத்தாங்க. இவர் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேருந்து டிக்டாஃபோன்ல காட்சி காட்சியா என்ன பண்ணணும்னு பேசிப் பதிவு பண்ணி அனுப்பினார். சிகிச்சை நடந்த காலத்துலதான் "கேங்ஸ்டர்" (2006), "லைஃப் இன் எ மெட்ரோ" (2007) ரெண்டும் உருவாச்சு. 2012-ல "பர்ஃபி". பார்த்தவங்களுக்குத் தெரியும், சாவை நேரா பார்த்துட்டு வந்தவன் எடுத்த படத்துல இவ்வளவு விளையாட்டு எப்படின்னு ஆச்சரியமா இருக்கும்.

மன உறுதின்னு சொல்லி இதை முடிச்சுடலாம். முடிக்க மாட்டேன். மோகனுக்கு மன உறுதி இல்லையா என்ன? அனுராக் பாசு பிழைச்சதுக்குக் காரணம் அந்த வியாதிக்கு அவருக்கு முன்னாடி இருபது வருஷமா வேலை பார்த்தவங்க. 1985-ல ஷாங்காய்ல வாங் ஜென்யி வைட்டமின் ஏ-யோட உறவுக்காரனான ஒரு அமிலத்தை அஞ்சு வயசுப் பெண் குழந்தைக்குக் கொடுத்துப் பிழைக்க வெச்சார். ஹார்பின் நகரத்துல ஜாங் டிங்டாங் 1970-கள்லயே ஆர்சனிக் கொடுத்துப் பார்த்தார். ஆமா, ஆர்சனிக். நம்ம சித்த வைத்தியத்துல வெள்ளைப் பாஷாணம். அதை எடுத்து ஒழுங்கா சோதிச்சதுல முக்கியமான இடம் எதுன்னு நினைக்கறீங்க? வேலூர் சி.எம்.சி. 1998-லேருந்து 2004 வரைக்கும் 72 நோயாளிகளுக்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடு ஒண்ணை மட்டுமே கொடுத்தாங்க. 86 சதவீதம் பேருக்கு நோய் முழுசா அடங்கிச்சு. விக்ரம் மேத்யூஸும் மேமன் சாண்டியும் அவங்க குழுவும் 2006-ல வெளியிட்டாங்க. விலை உயர்ந்த கீமோ வாங்க முடியாத நாட்டுல பிறந்த ஆராய்ச்சி அது. (யாராவது இதைப் படிச்சுட்டு நாட்டு மருந்துக் கடையில பாஷாணம் கேட்டு நின்னா நான் பொறுப்பில்லை. அளவு தப்பினா அது பழைய வேலையைத்தான் பார்க்கும்.)

இப்ப என் கதைக்கு வர்றேன். சி.எம்.எல். என்னன்னு நம்ம ஆளுங்க பாஷையில சொல்றேன். ஒன்பதாம் குரோமோசோம்லேருந்து ஒரு துண்டும் இருபத்திரண்டுலேருந்து ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கும். யாரோ தப்பா கட் பேஸ்ட் பண்ணின மாதிரி. ஒட்டின இடத்துல புதுசா ஒரு ஃபங்க்ஷன் உருவாகும். அது "அணுவே, பெருகு"ங்கற கட்டளையை விடாம கொடுத்துண்டே இருக்கும். நிறுத்தற கண்டிஷன் இல்லாத லூப். 1960-ல ஃபிலடெல்ஃபியாவுல அந்தக் குட்டைக் குரோமோசோமைப் பார்த்தாங்க. 1973-ல ஜேனட் ரௌலி அது இடமாற்றம்னு கண்டுபிடிச்சார். 1998-ல ப்ரையன் ட்ரூகர் இமாட்டினிப்ங்கற மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பிச்சார். போதுமான அளவு சாப்பிட்ட 54 பேர்ல 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை சீராச்சு. 2001 மே மாசம் அமெரிக்காவுல அனுமதி. லூப்பை நிறுத்தற ஒரே ஒரு வரி. அதுக்கு முன்னாடி இந்த வியாதின்னா சில வருஷம்தான். அதுக்கப்புறம், மருந்து கேட்கற உடம்பா இருந்தா கிட்டத்தட்ட எல்லாரையும் மாதிரி ஆயுசு.

சரி, மருந்து இருக்கு. கிடைக்குமா? புதுமைப்பித்தனை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, இங்கதான். நோவார்ட்டிஸ் கம்பெனியோட க்ளிவெக் அப்ப மாசத்துக்கு சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயா இருந்தது. இந்தியக் கம்பெனிகள் செஞ்ச அதே மருந்து எட்டாயிரத்திலேருந்து பத்தாயிரமா இருந்தது. காப்புரிமை கிடைச்சிருந்தா ரெண்டாவது விலை காணாமப் போயிருக்கும். கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் எதிர்த்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில விண்ணப்பத்தை நிராகரிச்சது. தெரிஞ்ச பொருளைக் கொஞ்சம் மாத்திப் புதுசுன்னு சொல்லக் கூடாது, குணப்படுத்தற திறன் கூடியிருக்கணும்னு நம்ம சட்டத்துல 3(டி)ன்னு ஒரு பிரிவு. அந்தப் பிரிவே செல்லாதுன்னு கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்ட் 6-ல அந்த வாதம் தோத்தது. கடைசியா 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாதுன்னுடுச்சு. நியாயமாச் சொல்லணும்னா, அந்தக் கம்பெனியே ஆயிரக்கணக்கான இந்திய நோயாளிகளுக்கு மருந்தை இலவசமாவும் கொடுத்தது. ஆனா தர்மமா வாங்கற மாத்திரைக்கும் கடையில காசு கொடுத்து வாங்கற மாத்திரைக்கும் வித்தியாசம் இருக்கு. பார்டோக்கைக் கேளுங்க.

2007 ஆகஸ்ட்ல நான் பள்ளிக்கூடப் பையன். அன்னிக்குப் பேப்பர்ல வந்திருக்கும். கிரிக்கெட் பக்கத்துக்குத் தாவியிருப்பேன். உயர் நீதிமன்றத்துல யாரோ என் மாத்திரைக்காக வாதாடிண்டிருக்காங்கன்னு எப்படித் தெரியும்? இப்ப தில்லைநகர்ல ஒரு மருந்துக்கடையில மாசாமாசம் வாங்கறேன். பைக் பெட்ரோல் செலவை விடக் கொஞ்சம் ஜாஸ்தி. வாங்கிண்டு காவிரிப் பாலத்துல வரும்போது சில நாள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திடுவேன். எதுக்குன்னு சொல்லத் தெரியலை.

சும்மா எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. மாத்திரை போட்டா கண்ணைச் சுத்தி வீங்கும், ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், மத்தியானம் மூணு மணிக்கு உடம்பு ஈரத்துணி மாதிரி தொங்கும். அந்த மூணு மணிதான் நான் கதை எழுதற நேரம். எட்வர்ட் சயித்துக்கு 1991-ல வேற வகை லுகேமியா, சி.எல்.எல். 1994-ல கீமோ நடக்கும்போது தன் பால்யத்தை எழுத ஆரம்பிச்சார், 1999-ல "அவுட் ஆஃப் ப்ளேஸ்" வந்தது. மனைவிக்கும் அவரோட டாக்டருக்கும் சமர்ப்பணம். டாக்டர் யாரு? ஜோத்பூர்ல பிறந்த கான்டி ராய். அந்த வியாதியோட நிலைகளைப் பிரிக்கற முறைக்கே அவர் பேர்தான். உடம்பு சரியில்லாத நாள்ல வேற எதுவும் ஓடலை, பழசை எழுத முடிஞ்சதுங்கற இடத்தை மட்டும் சயித்கிட்டேருந்து எடுத்துண்டேன். அதான் கதை இல்லாம இப்படிச் சரித்திரமா எழுதறேன்.

அதே சி.எல்.எல். க்ளைவ் ஜேம்ஸுக்கும் 2010-ல வந்தது. ஆஸ்திரேலியக் கவிஞர், பயங்கர நக்கல் பேர்வழி. தோட்டத்து மேப்பிள் மரம் இலையுதிர்ல சிவக்கறதைப் பார்த்துட்டுப் போயிடுவேன்னு 2014-ல ஒரு விடைக்கவிதை எழுதி, உலகமே அழுதது. அப்புறம் புது மாத்திரை வேலை செஞ்சு, மனுஷன் சாகலை. 2019 வரைக்கும் இருந்தார். அழுத வாசகர்கள்கிட்ட சங்கடமா இருக்குன்னு பத்திரிகையில பத்தியே எழுதினார். விடைக்கவிதை எழுதறதுல இருக்கற ரிஸ்க் இதுதான் மக்களே :-)

லிசா ரேயை மட்டும் கடைசிக்கு வெச்சிருந்தேன். நம்ம ஜாதி, அதனால. சரத்குமாரோட "நேதாஜி" (1994) படத்துல வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? பின்னாடி தீபா மேத்தாவோட "வாட்டர்" (2005). 2009 ஜூன்ல மல்டிபிள் மைலோமா, பிளாஸ்மா அணுக்கள்ல வர்ற ரத்தப் புற்று. அவங்க முகமே அவங்க தொழில். ஸ்டீராய்டுல முகம் உப்பிப் போச்சு. மறைக்கறதுக்கு மோகனை விட நூறு மடங்கு காரணம் இருந்தது. அவங்க என்ன பண்ணினாங்க? வலைப்பதிவு ஆரம்பிச்சாங்க! "தி யெல்லோ டைரீஸ்". வீங்கின முகத்தோட டொரோன்டோ திரைப்பட விழாவுக்கும் போனாங்க. ஸ்டெம் செல் சிகிச்சை முடிஞ்சு 2010 ஏப்ரல்ல நோய் அடங்கிடுச்சுன்னு சொன்னாங்க. மைலோமா முழுசா விட்டுப் போற வியாதி இல்லை, அது அவங்களுக்கும் தெரியும். 2019-ல புஸ்தகமும் எழுதினாங்க.

இந்தப் பதிவை நாலு நாளா எழுதி வரைவுலயே வெச்சிருந்தேன். நேத்து சாயங்காலம் என் லேப்டாப்பைத் தங்கை எடுத்திருக்கா. திண்ணையில உட்கார்ந்து முழுசாப் படிச்சிருக்கா. நான் கொள்ளிடம் பக்கம் நடந்துட்டுத் திரும்பினப்ப நிமிர்ந்து பார்த்தா. திட்டப் போறான்னு நினைச்சேன்.

"அண்ணா, ரெண்டு இடத்துல ஒற்று விட்டுப்போயிருக்கு, போட்டுட்டேன்"னா. அப்புறம், "என்னைப் பொண்ணு பார்க்க வர்றவா இதைப் படிச்சுட்டே வரட்டும். படிச்சுட்டு வராதவா வரவே வேண்டாம்."

அம்மா உள்ளேருந்து கேட்டுண்டுதான் இருந்தா. ஒண்ணும் சொல்லலை. குக்கர் சத்தம் மட்டும் வந்தது.

அடுத்த வாரம் அம்மா மண்டபத்துப் படிக்கட்டுலேருந்து நம்ம ஹீரோவை எழுப்பப் பார்க்கறேன். மூணு மணிக்கு முடியாது, கார்த்தால எழுதிப் பார்க்கணும். இப்ப சாப்பிடக் கூப்பிடறா. வயத்துல சாதம் இருக்கும்போதுதான் இந்த மாத்திரையைப் போடணும், பெரிய டம்ளர் நிறைய தண்ணியோட. அம்மா அதை எடுத்து வெச்சுட்டா.